ஈன்ற அன்றைக்கு ஒரு பால், வற்றும்போது ஒரு பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பால் சங்கத்தில் பதினொரு வருடம் டெஸ்டராக இருந்தேன். கேனை இறக்கிவைத்துவிட்டு ரசீதுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆட்கள் கேட்ட கேள்விகள் இதில் பாதி. அக்கா மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதத்தில் பெண்கள் கேட்டவை மீதிப் பாதி. தொழுவத்துக் கேள்வியும் தொட்டில் கேள்வியும் இவ்வளவு ஒட்டிவரும் என்று நான் நினைத்ததில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. குழந்தைக்கோ மாட்டுக்கோ உடம்பு சரியில்லை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பால் என்றால் பால்தானே, அதில் என்ன மாறுகிறது?

மாட்டுப் பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மீதியில் கொழுப்பு 4, புரதம் 3-லிருந்து 3.5 வரை, சர்க்கரை 5-ஐ ஒட்டி, தாது உப்பு முக்கால் பங்கு. ஈன்று ஒரு மாதம் போன பாலின் கணக்கு இது. அதே மாடு ஈன்ற அன்று கொடுக்கும் முதல் கறவையில் புரதம் ஏறக்குறைய 14, சர்க்கரை 2.7-தான். இரண்டாவது கறவையில் புரதம் 8.4, சர்க்கரை 3.9. மூன்றாவது கறவையில் புரதம் 5.1, சர்க்கரை 4.4. ஒன்றரை நாளுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. ஒன்று இறங்க இறங்க மற்றது ஏறுவதைக் கவனியுங்கள்.

புரதத்திலும் இரண்டு குடும்பம் உண்டு. பால் திரிந்தால் வெள்ளையாகத் திரண்டு நிற்பது கேசீன். சுற்றிலும் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்திருக்கும் தண்ணீரில் கரைந்திருப்பவை வே புரதங்கள்; ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் டப்பா டப்பாவாக வாங்குவது இதைத்தான். சாதாரண மாட்டுப் பாலில் கேசீன் 80, வே 20 என்ற பங்கு. ஈன்றதும் முதலில் வரும் சீம்பாலில் அது தலைகீழாகிவிடும், வே புரதங்கள்தாம் அதிகம்.

சர்க்கரை ஏறினால் புரதம் ஏன் இறங்க வேண்டும்? இரண்டுக்கும் என்ன பகை?

பகை இல்லை. நடுவில் தண்ணீர் இருக்கிறது.

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். மாடு தின்னும் எதிலும் அது கிடையாது, மடிதான் அதைச் செய்ய வேண்டும். மடியின் உயிரணு ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, அதில் ஒரு பங்கை கேலக்டோஸாக மாற்றி, இரண்டையும் ஒட்டவைக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற வே புரதம் துணையாக நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் லாக்டோஸும் இல்லை. ஆக, பாலின் சர்க்கரையையே பாலின் ஒரு புரதம்தான் உண்டாக்கிவிடுகிறது.

இப்படி உண்டான லாக்டோஸ் உயிரணுவுக்குள் சின்னச் சின்னப் பைகளில் அடைபடுகிறது. அங்கிருந்து அது வெளியே கசிய முடியாது, ஆனால் தண்ணீர் உள்ளே வர முடியும். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் தட்டில் தண்ணீர் கோத்துக்கொள்கிறதே, அதே விதிதான். கரைந்த பொருள் அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். எவ்வளவு லாக்டோஸ் உண்டாகிறதோ அவ்வளவு தண்ணீர் மடிக்குள் இறங்கும். பாலின் அளவைத் தீர்மானிக்கும் குழாய்த் திருகு இந்தச் சர்க்கரைதான்.

சினையாக இருக்கும் வரை புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இந்தத் திருகை இறுக்கி வைத்திருக்கும். அப்போது மடியில் தேங்குவது தண்ணீர் குறைந்த, புரதம் செறிந்த கெட்டியான திரவம். ஈனும் நேரத்தையொட்டி அந்த ஹார்மோன் சரிந்ததும் திருகு திறக்கிறது. லாக்டோஸ் உண்டாக, தண்ணீர் இறங்க, புரதம் நீர்த்துப்போகிறது. அது எங்கேயும் ஓடிவிடவில்லை, பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு நாளைக்கு 20 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் 5 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும் சர்க்கரை விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதல் சர்க்கரை கூடுதல் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வருவதால் விகிதம் நகராது, அளவுதான் கூடும். ஈன்று நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை மாடு உச்சத்தில் கறக்கும்போது புரதமும் கொழுப்பும் அடிமட்டத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “நல்லா கறக்குது, ஆனா பாயின்ட் வரல” என்று சங்கத்தில் தினம் யாராவது ஒருவர் புலம்புவார்; பாலின் சத்தை அளந்து ரசீதில் போடும் எண்ணைத்தான் பாயின்ட் என்பார்கள். பாதி நேரம் மாடு ஈன்ற தேதியைக் கேட்டாலே பதில் கிடைத்துவிடும்.

சீம்பால் மட்டும் அடுப்பில் வைத்தால் ஏன் இட்லி மாதிரி கட்டியாகிறது?

வே புரதங்கள் சூடு பட்டால் சுருள் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவது போல. சாதாரணப் பாலில் அவை குறைவு என்பதால் காய்ச்சினாலும் வெளியே தெரியாது. சீம்பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் மட்டுமே நூற்றுக்கு 6 பங்கு வரை இருக்கும். வற்றக் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை, தானாக உறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் முதல் நாள் சீம்பாலை அப்படியே வேகவைக்க மாட்டார்கள். ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு சாதாரணப் பால் ஊற்றி, வெல்லத்தைத் தட்டிப்போட்டு, ஏலக்காய் நசுக்கிச் சேர்த்து, இட்லிப் பானையில் கிண்ணத்தோடு வைப்பார் அம்மா. மூன்றாம் நாள் பால் என்றால் கலப்பே வேண்டாம், அப்போதும் தளதளவென்றுதான் நிற்கும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்த்து எவ்வளவு பால் ஊற்றலாம் என்று முடிவு செய்துவிடுவார். சீம்பாலில் இயல்பான இனிப்பு குறைவு, அதனால்தான் வெல்லம் கொஞ்சம் தாராளமாகவே வேண்டியிருக்கிறது.

கன்றுக்குப் போக மீதியைத்தான் நாம் தின்ன வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்படி இவ்வளவு சத்துள்ள பாலைச் சங்கத்தில் ஏன் எடுப்பதில்லை?

சத்து இருப்பதுதான் தொந்தரவே. விற்பனைக்கு வரும் பாலில் சீம்பால் கலந்திருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. ஒரு வீட்டுப் பால் பெரிய தொட்டியில் சேர்ந்தால், சூடேற்றும்போது மொத்தமும் திரியும் ஆபத்து உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். மார்கழிக் காலை, வாசலில் வரிசை நீளம். ஒரு அக்கா தூக்குவாளியை நீட்டினார். லாக்டோமீட்டரை விட்டேன், ஜம்மென்று மிதந்தது. சாதாரணப் பாலில் அது 28, 30 என்று நிற்கும். அன்று 34. “பாலுன்னா இது பால்” என்று நினைத்துக்கொண்டு கேனில் ஊற்றிவிட்டேன். பக்கத்துத் தெரு டீக்கடைக்குப் போகும் கேன் அது. அரை மணி நேரத்தில் கடைக்காரர் சட்டியோடு வந்து நின்றார். சட்டி முழுக்கத் திப்பி திப்பியாகத் திரிந்த பால். 40 லிட்டர். அந்தப் பணம் என் சம்பளத்தில் போனது.

மறுநாள் அந்த அக்காவைக் கேட்டால், “காலையில கறந்த பால் தம்பி, அதுக்குள்ள எப்படிக் கெடும்?” என்றார். அவர் மேல் தப்பில்லை, பால் கெடவும் இல்லை. மாடு ஈன்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடர்த்தி அதிகமாக இருந்ததால்தான் லாக்டோமீட்டர் அப்படி மிதந்தது. சீம்பாலில் தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் நல்ல பால் என்றே காட்டும் என்பதையும் அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டிவிடுவேன். குழாயைச் சாய்த்தால் கண்ணாடியில் மணி மணியாக ஒட்டினால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சங்கத்து ரசீதில் எஸ்.என்.எஃப். என்று ஒரே எண்தான் இருக்கிறது. புரதம், சர்க்கரை தனித்தனியாகத் தெரியாதா?

தெரியாது. கொழுப்பு நீங்கலான திடப்பொருள் எல்லாவற்றையும் கூட்டிய எண் அது: புரதம், சர்க்கரை, தாது உப்பு. பசும்பாலுக்குக் குறைந்தது 8.3 இருக்க வேண்டும் என்பது விதி. புரதம் கூடிச் சர்க்கரை குறைந்தாலும் எண் அதே இடத்தில் நிற்கக்கூடும். நான் சொன்ன ஏற்ற இறக்கம் முழுவதும் இந்த ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது. தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மின்னணுக் கருவிகள் உண்டு, ஆனால் பணம் கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.-க்கும்தான் என்பதால் மற்ற எண்களை வாசலில் யாரும் பார்ப்பதில்லை.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குப் பால் விட வேண்டும் என்கிறார்களே?

தவறு, அதுவும் கன்றின் உயிரோடு விளையாடும் தவறு. மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி வேறு அமைப்பு, அவற்றை உள்ளே விடாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது.

கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும் வழி பிறந்த சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும். ஆறு மணி நேரத்திலேயே அது சுருங்கத் தொடங்கி, ஒரு நாளில் மூடிவிடும். அந்தப் புரதங்களைச் செரிமான நொதிகள் வெட்டிவிடாமல் தடுக்கும் பொருளும் சீம்பாலிலேயே உண்டு. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி, பன்னிரண்டு மணி ஆகலாம். அதுவரை கன்றைக் கட்டிவைத்தால் வழியடைத்த பிறகு சாப்பாடு போடுவது போல்தான். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும், 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் பாதியாவது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும்.

மனிதத் தாய்ப்பாலும் இதே வழியில்தான் மாறுகிறதா?

வழி அதேதான், வேகமும் அளவும் வேறு. பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருப்பது நஞ்சுக்கொடி. அது வெளியே வந்த பிறகுதான் திருகு திறக்கத் தொடங்கும், முழுசாகத் திறக்க இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாள் மொத்தமே இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் வரும். அக்கா மகள் அழுதே விட்டாள், “பாலே இல்ல மாமா” என்று. இரண்டாம் நாள் இரவு பக்கத்து வீட்டம்மா பவுடர் பால் டப்பாவோடு வந்துவிட்டார். நர்ஸ் ஒருவர் அந்த டப்பாவை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, குழந்தையை மறுபடி மறுபடி மார்பில் போடச் சொன்னார். மூன்றாம் நாள் மாலை மார்பு கட்டிக்கொண்டது. டப்பா அங்கேயே இருந்தது.

அந்த மஞ்சள் நிற முதல் பாலில் சர்க்கரை 100 மில்லிக்கு 5 கிராம் அளவில் இருந்து, சில வாரங்களில் 7-ஐத் தொடும். புரதம் 2 கிராமுக்கு மேல் தொடங்கி, ஒரு மாதத்தில் 1.2 அளவுக்கும், நாலைந்து மாதத்தில் 1 அல்லது அதற்குக் கீழேயும் இறங்கும். வே புரதத்துக்கும் கேசீனுக்கும் உள்ள பங்கு தொடக்கத்தில் 90-க்கு 10, பிறகு 60-க்கு 40, கடைசியில் பாதிக்குப் பாதி. மாட்டின் சீம்பாலில் எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் ரத்தத்துக்குப் போகும் ஐ.ஜி.ஜி. வகை. தாயின் சீம்பாலில் இருப்பது ஐ.ஜி.ஏ., அது ரத்தத்துக்குப் போகாமல் குழந்தையின் குடலிலேயே காவல் நிற்கிறது. லாக்டோஃபெரின் என்ற இன்னொரு புரதம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும்.

முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இதைப் படித்த பிறகாவது வேண்டாம்.

புரதம் நாளுக்கு நாள் குறைந்தால் குழந்தை எப்படி வளரும்?

குழந்தை குடிக்கும் அளவு கூடிவிடுகிறது. அதோடு மனிதக் குழந்தை அவசரமில்லாமல் வளரும் பிறவி. பிறந்த எடை இரட்டிப்பாக நமக்கு ஏறக்குறைய ஐந்து மாதம், கன்றுக்கு ஒன்றரை மாதம், முயல்குட்டிக்கு ஒரு வாரம். அந்த வரிசையிலேயே பாலில் புரதமும் ஏறுகிறது.

பால்சுறா புட்டு சாப்பிட்டால் பாலில் புரதம் ஏறுமா?

கடலூர் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தப்ப முடியாது. பிள்ளை பெற்ற வீடு என்றால் முதுநகர்ப் பக்கம் போய்ப் பால்சுறா வாங்கி வந்து, வேகவைத்து உதிர்த்து, பூண்டை அள்ளிப்போட்டுப் புட்டு செய்வார்கள். தாய்க்கு அது நல்ல சாப்பாடு, பிரசவத்தில் இழந்ததை மீட்கப் புரதம் வேண்டும். ஆனால் பாலில் உள்ள புரதமும் லாக்டோஸும் தாய் என்ன சாப்பிட்டாள் என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. சாப்பாட்டுக்கு ஏற்ப நன்றாக மாறுபவை கொழுப்பின் வகை, பி12 போன்ற சில வைட்டமின்கள், அயோடின். அந்த வகையில் மீன் சாப்பிடுவது பாலில் தெரியும். புட்டின் பெருமைக்கு அது போதாதா?

மாட்டுக்கும் இதே கதைதான். விருத்தாசலம் பக்கத்துக் கடலைப் புண்ணாக்கு போட்டால் புரதம் கொஞ்சம் அசையும், நார்த்தீவனம் குறைந்தால் கொழுப்பு சரேலென்று இறங்கும், லாக்டோஸ் மட்டும் ஆடாமல் அசையாமல் இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மாடு தீவனத்தைக் கழித்தால் புரதமும் கொழுப்பும் கூடவே இறங்கும். சித்திரை, வைகாசியில் ரசீதைப் பார்த்துச் சண்டைக்கு வராதீர்கள்.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரை இருக்கிறதாமே? எதற்கு?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். லாக்டோஸை அடித்தளமாக வைத்து மூன்று முதல் பத்துக்கும் மேற்பட்ட சர்க்கரைக் கண்ணிகள் கோத்த சங்கிலிகள் தாய்ப்பாலில் உண்டு. ஒலிகோசாக்கரைடு என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சீம்பாலில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல், பிறகு 10 கிராம் அளவுக்கு இறங்கும். புரதத்தையே எட்டிப்பிடிக்கும் அளவு. குழந்தையின் குடலில் இவற்றை வெட்டும் நொதி கிடையாது.

அம்மா இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கி, குழந்தைக்கு ஒரு வாய் கூட எட்டாமல் போவது எதற்கு? விருந்தாளி வேறு. பெருங்குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா காத்திருக்கிறது, சாப்பாடு அதற்கு. அது தின்று அமிலத்தை விடும்போது கெட்ட கிருமிகளுக்கு இடம் சுருங்கும். சில கிருமிகள் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளத் தேடும் பிடிமானத்தைப் போலவே இந்தச் சங்கிலிகள் இருப்பதால், அவை ஏமாந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவதும் உண்டு. எந்தச் சங்கிலி எவ்வளவு இருக்கும் என்பது தாயின் மரபணுவைப் பொறுத்தது, எல்லாத் தாய்க்கும் ஒரே பட்டியல் இல்லை. பசும்பாலில் இவை மிகமிகக் குறைவு.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதே, யாருடைய பாலும் யாருக்கும் ஒத்துவருமா?

குறைமாதக் குழந்தையின் சொந்தத் தாய்க்குப் பால் போதாதபோது, பவுடரைவிடத் தானமாக வந்த தாய்ப்பால் நல்லது. ஆனால் இங்கேயும் நாட்கணக்கு குறுக்கே வருகிறது. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் கூடுதலாக இருக்கும். தானம் தருபவர் பெரும்பாலும் நிறைமாதத்தில் பெற்று, சில மாதம் ஊட்டிய தாயாக இருப்பார். அவர் பாலில் புரதம் இறங்கியிருக்கும். பெறும் குழந்தையோ ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில் வேகமாக வளர வேண்டியது. அதனால்தான் மருத்துவர்கள் புரதமும் தாது உப்பும் சேர்த்துச் செறிவூட்டிக் கொடுக்கிறார்கள். வங்கியில் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள். ஐ.ஜி.ஏ., லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் அதில் ஓரளவு அடிபடும், சர்க்கரைச் சங்கிலிகள் அப்படியே இருக்கும்.

பசும்பாலில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்தால் தாய்ப்பால் மாதிரி ஆகிவிடாதா?

தண்ணீர் கலந்தால் புரதம் இறங்கும், சர்க்கரை போட்டால் இனிப்பு ஏறும், எண்ணைப் பார்த்தால் சரி என்றே தோன்றும். ஆனால் கேசீன் 80 பங்கு இருப்பது அப்படியே இருக்கும்; வயிற்றில் கெட்டிக் கட்டியாக உறையும். தாய்ப்பாலில் இல்லவே இல்லாத பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற வே புரதம் வேறு. இரும்புச் சத்து மிகக் குறைவு, தண்ணீர் கலந்தால் இன்னும் குறைவு. ஒரு வயது வரை முக்கிய உணவாகப் பசும்பால் கூடாது. பவுடர் பால் இந்தப் பங்குகளைத் திருத்திச் செய்ததுதான், மருத்துவர் சொன்னால் மட்டும். அதை விளம்பரப்படுத்துவதே 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் தடை.

தெருவில் ஓட்டிவரும் கழுதையின் பாலை ஒரு சங்கு கொடுக்கலாமா?

புரதம், சர்க்கரைக் கணக்கை மட்டும் பார்த்தால் கழுதைப்பால்தான் தாய்ப்பாலுக்கு நெருங்கிய சொந்தம். புரதம் 1.5-லிருந்து 2-க்குள், லாக்டோஸ் 6-க்கு மேல். கொழுப்புதான் பெரும்பாலும் 1-ஐக்கூட எட்டாது. ஆனால் சங்கில் வருவது பத்து மில்லி. காய்ச்சாத பால், கழுவாத மடி, நாலு தெரு சுற்றிவந்த கை. பத்து மில்லியால் நன்மை வரும் வழி இல்லை, வயிற்றுப்போக்கு வரும் வழி இருக்கிறது. கழுதைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, குழந்தை வாயில் மட்டும் விடாதீர்கள்.

எட்டு மாதச் சினை மாட்டுப் பால் உப்புக் கரிக்கிறது. மாட்டுக்கு நோயா?

நான்கு காம்பிலும் கரித்தால் பெரும்பாலும் நோயில்லை, வற்றும் பருவம். மடியின் உயிரணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாகத் தைத்த மாதிரி இருக்கும், அதனால் ரத்தத்தில் உள்ள உப்பு பாலுக்குள் வர முடியாது. கறவை முடியும் காலத்தில் இந்தத் தையல் தளர்கிறது. லாக்டோஸ் குறைகிறது, அது விட்ட இடத்தைச் சோடியமும் குளோரைடும் பிடித்துக்கொள்கின்றன. இனிப்புப் போய் உப்பு வருவது அதனால்தான். தண்ணீர் குறைந்து புரத விகிதமும் ஏறும், ரசீதில் பாயின்ட் திடீரென்று அழகாக வரும். டீ போட்டால் மட்டும் பொய் தெரிந்துவிடும்.

பால் குடிக்கும் பிள்ளை இருக்கும்போதே தாய் மறுபடி கர்ப்பமானாலும் பால் அளவு குறைந்து, ருசி மாறும். சில பிள்ளைகள் தாமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஒரே ஒரு காம்பில் மட்டும் கரித்தால், அங்கே சூடோ வீக்கமோ இருந்தால், பாலில் திப்பி வந்தால் அது மடிநோய். தையல் பிரிவது அங்கேயும் நடக்கிறது, காரணம் கிருமி. அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காலைப் பால், மாலைப் பால், கறக்கும்போது முதலில் பீய்ச்சும் பால், கடைசியில் பீய்ச்சும் பால், இவற்றில் என்ன வித்தியாசம்?

இவற்றில் மாறுவது கொழுப்பு. கடைசியில் பீய்ச்சும் பாலில் அது கூடும். புரதமும் சர்க்கரையும் ஒரு கறவைக்குள் அவ்வளவாக மாறாது.

ஏ2 பால் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

வராது. ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற ஒரு புரதத்தில் 67-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தின் வித்தியாசம். பிறப்பிலேயே அமைவது, ஈன்ற அன்றைக்கும் வற்றும் அன்றைக்கும் அதேதான். நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2-தான். இதற்கு இரட்டை விலை கொடுக்கலாமா என்று கேட்டால், நான் கொடுக்க மாட்டேன்.

எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்புகிறது. தயிர் ஒத்துக்கொள்கிறது. ஏன்?

லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் என்ற நொதி பெரியவர்களான பிறகு பலருக்கும் குறைந்துவிடும், வடக்கைவிடத் தெற்கில் அதிகமாக. வெட்டுப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். தயிரில் உறை பாக்டீரியாக்கள் ஒரு பங்கை ஏற்கெனவே அமிலமாக்கிவிட்டன, வயிற்றுக்குள் போயும் மீதியை வெட்ட உதவுகின்றன. மடிக்குள் தண்ணீரை இழுத்த அதே சர்க்கரைதான் குடலுக்குள்ளும் இழுக்கிறது, அதற்கு இடம் ஒன்றும் தெரியாது.

மற்ற பாலூட்டிகளும் இப்படித்தானா?

சில நம்மைவிட விசித்திரம். ஆஸ்திரேலியாவின் டாமர் வாலபி என்ற சின்னக் கங்காரு வகை, அரை கிராம்கூட இல்லாத குட்டியைப் பெற்றுப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. நம் குழந்தை வயிற்றுக்குள் வளர்வதை அது காம்பில் தொங்கிக்கொண்டு வளர்கிறது. முதல் ஆறு மாதம் பாலில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறிக்கொண்டே போய் நூற்றுக்கு 13 வரை தொடும், அப்புறம் சடாரென்று சரிந்து கொழுப்பும் புரதமும் எழும். பைக்கு வெளியே தாவும் மூத்த குட்டிக்கு ஒரு காம்பில் கொழுத்த பால், பக்கத்துக் காம்பில் புதுக் குட்டிக்கு நீர்த்த பால். ரத்தம் ஒன்று, ஹார்மோன் ஒன்று, பால் இரண்டு. சின்னக் குட்டியை மூத்த குட்டிக்கான பால் வரும் தாயிடம் மாற்றிவைத்துப் பார்த்திருக்கிறார்கள், அது வேகமாக வளர்ந்தது. நேரத்தை நடத்துவது குட்டி இல்லை, மடிதான்.

வட அட்லாண்டிக்கின் பனிமேல் ஈனும் ஹூடட் சீல் தன் குட்டிக்கு நாலே நாள்தான் பால் கொடுக்கும். அந்தப் பாலில் 60 பங்கு கொழுப்பு, சர்க்கரை பெயருக்குத்தான். ஃபர் சீல்களோ ஆல்ஃபா லாக்டால்புமினையே இழந்துவிட்டவை. அதனால் லாக்டோஸ் இல்லை, தண்ணீரும் சேராது. தாய் இரை தேடி வாரக்கணக்கில் கடலுக்குப் போய்த் திரும்பினாலும் மடி வற்றிப்போவதில்லை. நம் மாட்டை நாலு நாள் கறக்காமல் விட்டுப் பாருங்கள். வேண்டாம், விடாதீர்கள்.

முட்டையிடும் எகிட்னாவுக்குக் காம்பே இல்லை, தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக்கொள்ளும். அதிலும் தனி லாக்டோஸைவிடச் சங்கிலிகள்தாம் அதிகம். ஆல்ஃபா லாக்டால்புமின், கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற பழைய புரதத்தின் வழியில் வந்தது. பால் சாப்பாடாவதற்கு முன்பு தோலுக்கும் முட்டைக்கும் காவலாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருத இதுவும் ஒரு காரணம்.

ஈனுவதற்கு முன்பே மடி கட்டிப் பால் சொட்டுகிறது. கறந்துவிடலாமா?

வேண்டாம். ஈனுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களை மடி இறைத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் ஏழாம் மாதத்திலேயே வற்றவிட்டு அறுபது நாள் மடிக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறோம். இப்போது கறந்தால் கன்று வருவதற்குள் சீம்பால் தீர்ந்து, அதற்குக் கிடைப்பது நீர்த்த பாலாக இருக்கும். மடி பாறை மாதிரி இறுகி மாடு வலியில் தவித்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கறக்கலாம். அப்படிக் கறந்ததைக் கொட்டாமல் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். கன்று விழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை நிறுத்தி உருக்கி ஊட்டலாம். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், இட்லியாகிவிடும்.